வேலை ஒப்பந்தத்தில் தடை ஷரத்துகள்: கோர்ட்டில் நிற்கும்படி எழுதுவது எப்படி?

"பணியிலிருந்து விலகிய நாள் முதல் 2 ஆண்டுகளுக்கு இந்தியா முழுவதும் எந்தப் போட்டி நிறுவனத்திலும் சேரக்கூடாது." பல கம்பெனிகளின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இந்த வரியைப் பார்க்கலாம். வெளிநாட்டு மாதிரிப் படிவத்திலிருந்து இறங்கி வந்த வரி. இந்தியாவில் இது செல்லாது. 2 ஆண்டை 6 மாதமாகக் குறைத்தாலும், 'இந்தியா முழுவதும்' என்பதை 'கோவை மாவட்டம்' என்று சுருக்கினாலும் செல்லாது.

காரணம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. இங்கிலாந்தில் தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று நீதிபதி எடை போடுவார். நம் சட்டத்தில் அந்த எடைபோடலுக்கு இடமில்லை. வணிகத்தின் நற்பெயரை (குட்வில்) விற்பவர் மீது போடும் தடை ஒன்றுதான் பிரிவிலேயே சொல்லப்பட்ட விதிவிலக்கு. சூப்பரிண்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கிலும் (1980), பெர்செப்ட் டி'மார்க் – ஜாகீர் கான் வழக்கிலும் (2006) உச்ச நீதிமன்றத்தின் போக்கு இதுவே: ஒப்பந்தம் முடிந்த பிறகு தொடரும் தடை நிற்காது.

பிறகு எதைத்தான் எழுதலாம்? ஆள் வேலையில் இருக்கும்போது பிடிக்கும் தடைகள், நோட்டீஸ் காலம், பயிற்சி பாண்டு (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டும் உறுதி), ரகசியக் காப்பு, ஓரளவுக்கு வாடிக்கையாளரை இழுக்காமை. இவை நிற்கும், ஆனால் தானாக நிற்காது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஷரத்து தொழில் தடை அல்ல, பொது நலக் கொள்கைக்கு விரோதமும் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, ஊழியருடையது அல்ல. அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கினாலே இரு தரப்பும் சமபலத்தில் இல்லை என்பதற்கு அது முதல் பார்வையிலேயே சான்றாகிவிடும் என்றும் சொன்னது. ஆகவே ஷரத்தின் வாசகத்தோடு வேலை முடியவில்லை. 'இது ஏன் தேவை' என்பதற்கான ஆதாரம் கையெழுத்தான அன்றே ஃபைலில் இருக்க வேண்டும்.

முதலில் காரணக் குறிப்பு

ஷரத்தை எழுதுவதற்கு முன், அந்தப் பதவிக்கென ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். இந்தப் பதவியில் இருப்பவர் எந்தெந்தத் தகவலைப் பார்க்கிறார்? அது வெளியில் கிடைக்காத தகவல்தானா? அது போட்டியாளரிடம் போனால் எவ்வளவு இழப்பு, எவ்வளவு காலத்துக்கு? அதைக் காக்க இந்த ஷரத்தைவிட இலகுவான வழி உண்டா? இந்த நான்குக்கும் விடை, தேதி, துறைத் தலைவரின் கையெழுத்து. அவ்வளவுதான்.

இதன் பலத்தைக் காட்டுவது 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு. டயர் கார்டு நூல் ஆலையின் ஷிஃப்ட் சூபர்வைசர், 5 ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் போட்டி ஆலைக்குப் போனார். அந்தத் தொழில்நுட்பத்தைத் தந்த ஹாலந்து நிறுவனத்துக்கு, 'உங்கள் ரகசியத்தைக் காப்போம், ஊழியர்களிடமும் அதற்கு உறுதி வாங்குவோம்' என்று கம்பெனி முன்பே எழுதிக் கொடுத்திருந்தது. தடை எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே நல்ல பதில். கிடைத்த தடையும் அளவானது: ஒப்பந்தக் காலம் முடியும் வரை, அதே வகை வேலைக்கு மட்டும்.

குறிப்பு எழுத உட்கார்ந்து, எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் பதவிக்கு அந்த ஷரத்து வேண்டாம். ரிசப்ஷனிஸ்ட், பேக்கிங் பிரிவுத் தொழிலாளி, கணக்கு உதவியாளர் எல்லோருக்கும் ஒரே படிவத்தில் நான்-கம்பீட் (போட்டி நிறுவனத்தில் சேரத் தடை) போடும் கம்பெனி, உண்மையிலேயே ரகசியம் தெரிந்த ஆர் அண்ட் டி தலைவர் மீது வழக்குப் போடும்போது மாட்டிக்கொள்ளும். 'எல்லோருக்கும் இதைத்தானே போட்டிருக்கிறீர்கள்' என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி.

வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை

இது சுலபமானது. சம்பளம் வாங்கும் காலத்தில் போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது, சொந்தமாகப் போட்டித் தொழில் நடத்தக்கூடாது என்பதைப் பிரிவு 27 பொதுவாகத் தடுக்காது. வேலையில் இருந்துகொண்டே வெளியில் இன்னொரு வேலை பார்ப்பதை, அதாவது மூன்லைட்டிங்கைத் தடுக்க வேண்டுமென்றால் வாசகத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'வேறு எந்த வேலையும்' என்பதைவிட, 'நிறுவனத்தின் வணிகத்தோடு போட்டியிடும் அல்லது பணி நேரத்தைப் பாதிக்கும் வேலை' என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம் கற்றுக்கொடுப்பவரைத் தடுக்க உங்களிடம் காரணம் ஏதும் இருக்காது. அனுமதி கேட்டால் எத்தனை நாளில் பதில் தருவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். 10 வேலை நாள் போதும்.

நோட்டீஸ் காலமும் வீட்டில் உட்காரவைப்பதும்

போட்டியாளரிடம் போவதைத் தள்ளிப்போட நியாயமான ஒரே வழி நோட்டீஸ் காலம்தான். மூத்த பதவிகளுக்கு 90 நாள் சாதாரணம். அந்த 90 நாளும் ஆளை அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல், சிஸ்டம் அனுமதியைப் பறித்து, முழுச் சம்பளம் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லலாம். இதற்குள் அவர் பார்த்த விலைப்பட்டியல் பழையதாகிவிடும், வாடிக்கையாளர்களுக்குப் புது ஆள் அறிமுகமாகிவிடுவார்.

எங்கே தவறு நடக்கிறது என்றால், இந்தக் காலத்தை ரிலீவிங்குக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைப்பதில். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 2007-இல் வந்த வி.எஃப்.எஸ். குளோபல் வழக்கில், பணி முடிந்த பிறகு 3 மாதம் சம்பளத்துக்கு ஈடான தொகை கொடுத்து உட்காரவைக்கும் ஷரத்து இருந்தது. பணம் கொடுத்தாலும், வேலை முடிந்துவிட்டதால் இது தொழில் தடையே என்று நீதிமன்றம் முதல் பார்வையிலேயே கருதியது. ஆகவே வரிசை முக்கியம்: ராஜினாமா, நோட்டீஸ் காலம் முழுவதும் ஊழியராகவே வீட்டில், கடைசி நாளில் ரிலீவிங். 'நோட்டீஸ் காலத்தில் வேலை ஒதுக்காமல் இருக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சம்பளமும் பிற சலுகைகளும் தொடரும். அதுவரை அவர் ஊழியரே' என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று. 90 நாள் நோட்டீஸை ஊழியருக்கு வைத்துவிட்டு, கம்பெனி மட்டும் 30 நாளில் அனுப்பலாம் என்று எழுதாதீர்கள். சமமில்லாத பேரம் என்ற வாதத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

பயிற்சி பாண்டு: கணக்கு முதலில், தொகை பிறகு

விஜயா வங்கி வழக்கு பாண்டைப் பற்றியதுதான். 3 ஆண்டு வேலை செய்ய வேண்டும், முன்பே போனால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மூத்த மேலாளர் ஒருவர் 2 ஆண்டு முடிவதற்குள் வேறு வங்கிக்குப் போனார். உச்ச நீதிமன்றம் நிபந்தனையை ஏற்றது. இது வேறு வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை, ராஜினாமாவுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது, அவ்வளவே. அந்தப் பதவியின் சம்பளத்தோடு பார்த்தால் 2 லட்சம் ராஜினாமாவையே கனவாக்கிவிடும் தொகையும் அல்ல என்பது காரணம்.

இந்தத் தீர்ப்பைத் தனியார் கம்பெனி அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, திறந்த போட்டி நடத்தித்தான் ஆள் எடுக்க வேண்டும். ஒருவர் பாதியில் போனால் அந்தச் செலவு மறுபடி வரும் என்பது அங்கே பெரிய காரணம். ஜாப் போர்ட்டலில் ஆள் பிடிக்கும் கம்பெனிக்கு அந்தக் காரணம் அவ்வளவு கனமாக இராது. அதற்குப் பதில் பயிற்சிச் செலவைக் காட்ட வேண்டும். கம்பெனி செலவில் தனிப் பயிற்சி பெற்றவர் பாண்டை மீறினால், அந்த மீறலே இழப்புதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் தோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சொல்லியிருப்பது இங்கே உதவும்.

ஆனால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 காத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 10 லட்சம் என்று எழுதி மிரட்டினாலும், 2 லட்சம் செலவுக்குக் கணக்கிருந்தால் 2 லட்சத்தைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவை பம்ப் கம்பெனி ஒன்று ஒரு டிசைன் இன்ஜினியரை வெளிநாட்டில் 3 வாரப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கட்டணம் 80,000; விசாவும் காப்பீடும் 15,000; தங்கல், சாப்பாடு 65,000; பயிற்சிக் கட்டணம் 80,000. மொத்தம் 2,40,000 ரூபாய். பாண்டு 24 மாதம். தொகை மாதம் 10,000 வீதம் குறைந்துகொண்டே வரும் என்று எழுதுங்கள். 15 மாதம் முடித்துவிட்டுப் போனால் கட்ட வேண்டியது மீதி 9 மாதத்துக்கான 90,000. இந்தக் கணக்கை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வையுங்கள், பில்களின் நகல்களோடு. 23-ஆவது மாதத்தில் போனாலும் முழு 2,40,000 கட்டு என்பது அபராதம் போல இருக்கும். இறங்குமுகக் கணக்கு இழப்பீடு போல இருக்கும். நீதிபதி பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

கணக்கில் சேர்க்கக் கூடாதவை: முதல் வார இண்டக்ஷன், கம்பெனியின் பழைய ஆட்களே சொல்லிக்கொடுத்த சாதாரண வேலைப் பயிற்சி, பயிற்சி நாட்களின் சம்பளம். சம்பளம் வேலைக்கான கூலி. அதைத் திருப்பிக் கேட்டால் மற்ற நல்ல தலைப்புகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். கம்பெனியே ஆளை அனுப்பினால், ஆட்குறைப்பு செய்தால், தீராத நோய் வந்தால் பாண்டு பொருந்தாது என்றும் எழுதிவிடுங்கள். அப்படி எழுதாத பாண்டு ஊழியரைக் கட்டிப்போடத்தான் எழுதப்பட்டது என்று தோன்றும்.

பாண்டுப் பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் நீங்களாகவே பிடித்துக்கொள்ளாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவரின் சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எதையெல்லாம் பிடிக்கலாம் என்ற பட்டியலும் சட்டத்திலேயே இருக்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதோ இன்னும் மோசம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு செயல் உங்களைக் கெட்டவராக்கிவிடும்.

ரகசியக் காப்பு: பொத்தாம் பொதுவாக எழுதினால் பொத்தல்

விலகிய பிறகும் நிற்கும் ஷரத்துகளில் வலுவானது இது. ஆளை வேலைக்குப் போகவிடுகிறது, ரகசியத்தை மட்டும் நிறுத்துகிறது. ஆனால் 'நிறுவனத்தின் எல்லாத் தகவலும் ரகசியம்' என்று எழுதினால், எதுவும் ரகசியம் இல்லை என்று எழுதியதற்குச் சமம். 2006-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தன் முன்னாள் ஊழியர் மீது தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தெரிந்திருப்பதாலேயே அது வணிக ரகசியம் ஆகிவிடாது. ஊழியர் வேலையில் சேர்த்துக்கொண்ட அனுபவமும் திறமையும் அவருடையதே.

எனவே பெயர் சொல்லி எழுதுங்கள். சாயப்பட்டறை என்றால் சாயக் கலவை விகிதங்கள், வெப்பநிலை அட்டவணை. மென்பொருள் கம்பெனி என்றால் சோர்ஸ் கோட், விலை நிர்ணயத் தாள், வெளியிடாத தயாரிப்புத் திட்டம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் என்றும் குறியுங்கள். விலைத்தாளுக்கு 12 மாதம் போதும். கலவை விகிதம் பொதுவெளிக்கு வரும் வரை. ஏற்கெனவே வெளியில் தெரிந்தது, சட்டப்படி அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியது இரண்டையும் விலக்குங்கள்.

காகிதத்தில் ரகசியம், நடைமுறையில் பொதுச் சொத்து என்றால் வழக்கு அங்கேயே போய்விடும். கலவை விகிதம் 40 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிறதா? விலைத்தாள் பாஸ்வேர்டு இல்லாத ஷேர்டு டிரைவில் கிடக்கிறதா? யார் எப்போது திறந்தார் என்ற லாக் இருக்கிறதா? இந்தியாவில் வணிக ரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதா கொடுத்தது, அவ்வளவே. அதனால் நீங்கள் ரகசியமாகவே நடத்தினீர்கள் என்பதை உங்கள் ஆவணங்கள்தான் காட்ட வேண்டும்.

வாடிக்கையாளர், சக ஊழியர்

டெசிக்கன்ட் ரோட்டர்ஸ் வழக்கில் (2009) டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நல்ல கோடு கிழித்தது: போட்டி நிறுவனத்தில் சேரலாம்; பழைய கம்பெனியின் வாடிக்கையாளர்களையும் சப்ளையர்களையும் அணுகி இழுக்கக் கூடாது. அந்தக் கோட்டுக்குள் நிற்கும் வாசகம் இப்படி இருக்கலாம்:

"பணியின் கடைசி 12 மாதங்களில் தாம் நேரடியாகக் கையாண்டவர்களும் இணைப்பு 2-இல் பெயர் கண்டவர்களுமான வாடிக்கையாளர்களை, பணி முடிந்த நாளிலிருந்து 9 மாதங்களுக்கு, நிறுவனம் அவர்களுக்கு அளித்துவரும் அதே பொருள் அல்லது சேவைக்காக, ஊழியர் தாமாகவோ பிறர் மூலமாகவோ அணுகி வணிகம் கோர மாட்டார்."

'அணுகி' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் தானாகத் தேடி வந்தாலும் ஏற்கக் கூடாது என்று எழுதினால் அது மறுபடி பிரிவு 27-க்குள் போய் விழும். இணைப்பு 2 சேரும் நாளில் காலியாகத்தான் இருக்கும். ஆண்டு மதிப்பீட்டின்போது ஒருமுறை, ராஜினாமா வந்ததும் ஒருமுறை அதை நிரப்பி, மின்னஞ்சலில் ஊழியரின் ஒப்புதல் வாங்குங்கள். நடைமுறையில் இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

ஐ.டி. சேவைக் கம்பெனிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எந்த கிளையன்டுக்காக வேலை செய்தாரோ அந்த கிளையன்டிடமே 3 ஆண்டு சேரக் கூடாது என்ற ஷரத்தை வைத்து வாங்கிய தடையை, டாஃபோடில் சாஃப்ட்வேர் வழக்கில் (2025) டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டை ஊழியர் தலையில் வைக்காமல் கிளையன்டோடு போடும் ஒப்பந்தத்தில் வையுங்கள். உங்கள் ஆட்களைத் தூண்டி இழுக்க மாட்டோம் என்று ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கும் உறுதியை, விப்ரோ – பெக்மன் கூல்டர் வழக்கில் (2006) அதே நீதிமன்றம் தொழில் தடையாகக் கருதவில்லை.

பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கும் நிறுவனர் தன் பங்கை விற்றுவிட்டுப் போகிறார் என்றால் கதை வேறு. அந்தப் போட்டித் தடையைப் பங்கு விற்பனை ஒப்பந்தத்தில், நற்பெயரின் விலையோடு சேர்த்து எழுதுங்கள். வேலை ஒப்பந்தத்தில் எழுதினால் விதிவிலக்கின் நிழல் கிடைக்காது.

எழுதும் முறை, கையெழுத்து

ஒவ்வொரு தடையும் தனி எண்ணிட்ட தனி ஷரத்தாக இருக்கட்டும். 'அந்த அளவுக்குச் செல்லாது' என்பதுதான் சட்டம்; ஆகவே ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்க வேண்டும். ரகசியம், நான்-சொலிசிட் (வாடிக்கையாளரை இழுக்காமை), நான்-கம்பீட் மூன்றையும் ஒரே நீளப் பத்தியில் பின்னினால் மூன்றும் சேர்ந்து விழும் அபாயம் உண்டு.

சொற்களில் கவனம். முதலில் சொன்ன 1980 வழக்கில் ஷரத்து, ஊழியர் 'விலகிய' பிறகு என்று தொடங்கியது. ஆனால் அவரைக் கம்பெனிதான் வேலையை விட்டு அனுப்பியிருந்தது. விலகுவது என்றால் தானாகப் போவது, அனுப்பப்படுவது அல்ல என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. கம்பெனி தன் சொந்த வாசகத்திலேயே தோற்றது.

ஒப்பந்தத்தைச் சேரும் நாள் காலையில் நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். ஆஃபர் லெட்டரோடு சேர்த்து அனுப்பி 3 நாளாவது கொடுங்கள். அனுப்பிய மின்னஞ்சலைச் சேமியுங்கள். ஆங்கிலம் சரளமில்லாதவருக்குத் தமிழ்ப் பிரதியும் கொடுங்கள். அவர் ஏதாவது திருத்தம் கேட்டு நீங்கள் ஏற்றிருந்தால், அந்தக் கடிதப் போக்குவரத்து தங்கம்: பேரம் நடந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடம் புது ஷரத்தில் கையெழுத்து வாங்குவதானால் பதவி உயர்வோ, சம்பள உயர்வோ, பயிற்சியோ தரும் நாளில், அதற்கு ஈடாக என்று எழுதி வாங்குங்கள். உரிய முத்திரைத் தாளில் இருக்கட்டும். குறைவான முத்திரை என்றால், விடுபட்ட தொகையோடு அதன் 10 மடங்கு அபராதமும் கட்டினால்தான் கோர்ட் அதைச் சாட்சியமாக ஏற்கும்.

எந்த ஊர் கோர்ட் என்பதையும் குறிக்கலாம். வேலை ஒப்பந்தத்தில் ஒரு குறிப்பிட்ட ஊர் நீதிமன்றம் மட்டுமே என்று எழுதுவது செல்லும் என எச்.டி.எஃப்.சி. வங்கி வழக்கில் (2025) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வழக்கோடு இயல்பாகத் தொடர்புள்ள ஊராக இருக்க வேண்டும்.

ராஜினாமா வந்த பிறகு

முதல் நாளிலேயே டவுன்லோடு லாக், மின்னஞ்சல் ஃபார்வர்டு, பென்டிரைவ் பயன்பாடு மூன்றையும் எடுத்து வையுங்கள். வெளியேறும் நாளில் இணைப்புகளைச் சுட்டி ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் லேப்டாப்பை ஃபார்மேட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐ.டி. பிரிவு வழக்கமாகச் செய்யும் அந்த ஒரு வேலையால் சாட்சியம் மொத்தமும் அழியும். டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து ஹேஷ் மதிப்பை (நகல் மாறவில்லை என்று காட்டும் எண்) குறித்து வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் அந்த ஹேஷ் மதிப்பு கேட்கப்படும்.

வக்கீல் நோட்டீஸில் 'போட்டி நிறுவனத்தில் சேர்ந்தது குற்றம்' என்று எழுத வேண்டாம். எந்தக் கோப்பு, எந்தத் தேதியில், எந்த முகவரிக்குப் போனது, எந்த வாடிக்கையாளரை எப்போது அணுகினார் என்று எழுதுங்கள். இடைக்காலத் தடைக்கு நீதிபதி பார்ப்பது மூன்று: முதல் பார்வையில் வழக்கு இருக்கிறதா, தடை இல்லாவிட்டால் யாருக்கு அதிகச் சிரமம், பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பா. கோப்பு போனது மார்ச்சில் தெரிந்து ஆகஸ்டில் பிராது போட்டால் மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லாமல் போகும். தெரிந்த 2, 3 வாரத்துக்குள் மனு போடுங்கள். கேட்கும் தடையையும் அந்தக் கோப்புகளுக்கும் இணைப்பு 2-இல் உள்ள பெயர்களுக்கும் மட்டுமே கேளுங்கள்.